எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி இல்லை

நான் பார்த்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நம் ரைபிள் கிளப்பின் ஆயுத அறைக்குள் நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் நான்கு பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புகை பிடிக்கக் கூடாது என்று ஒன்று. தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று ஒன்று. செல்போனை வெளியே வைக்கச் சொல்லி ஒன்று. நான்காவதுதான் உங்களுக்கெல்லாம் பிடித்தது. ‘எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி இல்லை.’

அதன் கீழே நின்று நீங்கள் படம் எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடமே வந்து, “சார், எலுமிச்சம்பழத்துல இருந்து ஏதாவது வாயு வருமா?” என்று கேட்டார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிட்டேன். அந்தப் பலகை அங்கே தொங்கக் காரணம் எலுமிச்சம்பழம் அல்ல, நான். அதைச் சொல்வதற்கு எனக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது.

பட்டாளத்தில் ஆயுதப் பணிமனையில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியவன் நான். வத்தலக்குண்டு சாலையில், மொட்டைப் பாறையின் அடிவாரத்தில் இந்தக் கிளப்பைத் தொடங்கியபோது துப்பாக்கிகளைப் பராமரிக்கிற ஆர்மரராகச் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். துப்பாக்கி விஷயத்தில் ஒருவன் தப்புச் செய்தால் அவன் மீசை வைத்தவனா, மில் வைத்தவனா என்று பார்க்க மாட்டேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. இந்தக் கர்வத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜென்சி என்று ஒரு பெண். ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நம் கிளப்பில் அவளைவிட நன்றாகச் சுடுகிறவர் அன்றைக்கு யாரும் இல்லை. ஒரே சிக்கல், அவள் இடது கைக்காரி. இடது கண்ணால்தான் குறி பார்ப்பாள். வலது கைக்காரர்களுக்காகச் செய்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் மல்லுக்கட்டினாள். அவளுக்காகவே இடது கைக்கு ஒரு ரைபிள் செய்து தருவதாக நம் கிளப்பின் தலைவர், அரவை மில் முதலாளி, முன்வந்தார். வெளியூரில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கித் தச்சர் எட்டு மாதம் எடுத்துச் செய்து அனுப்பினார். ரைபிள் வந்து இறங்கியபோது மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம்கூடப் பாக்கி இல்லை.

புது ரைபிள் எப்படி வரும் தெரியுமா? உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு, சேற்றில் புரண்ட எருமைபோல வரும். துரு பிடிக்காமல் இருக்க அப்படி அனுப்புவார்கள். முதல் தடவை சுடுவதற்கு முன் அதையெல்லாம் துடைத்து எடுக்க வேண்டும். குழலுக்குள் ஒரு சொட்டு எண்ணெய்கூட நிற்கக் கூடாது. ஓடுகிற இடங்களில் மட்டும் பட்டும் படாமலும் எண்ணெய் தொட வேண்டும். ஊறுகாய் தொட்டுக்கொள்கிற மாதிரி. குழம்பு ஊற்றுகிற மாதிரி அல்ல. நான் இரண்டு நாள் உட்கார்ந்து இதைச் செய்தேன். குழலைக் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடி வளையல்போல மின்னியது.

இந்த இடத்தில் நம் செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். மில் முதலாளி இவருடைய அக்காவைக் கட்டியவர். அதனால்தான் இவர் செயலாளர் என்று ஊரில் பேச்சு. துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முனையில் சத்தம் வரும் என்பது மட்டும்தான். நான் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைப்பதைப் பார்த்துவிட்டு, “ஏப்பா, புதுசு. கொஞ்சம் தாராளமா விட்டாத்தான் என்ன? உன் வீட்டு எண்ணெயா?” என்றார். நான் அவரை முறைத்து அனுப்பினேன்.

திறப்பு விழாவை ஆயுத பூஜையன்றே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் முதல் வெடிச் சத்தம் கேட்டுவிட வேண்டும் என்று மில் முதலாளியின் ஜோசியர் சொல்லியிருந்தார். பந்தல், மைக், வாசலில் வாழைமரம், ஆளுயர ஃபிளெக்ஸ் என்று எல்லாம் ஆயிற்று. நானும் பச்சைக் கரை போட்ட புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். ரைபிளைப் பூஜைக்கு ஒரு கால் மணி நேரம் கேட்டார்கள். காலி ரைபிள்தானே என்று மேஜையில் வைத்துவிட்டு, பாறையடியில் குறி அட்டைகளைக் கட்டப் போனேன். ஆயுதத்தைக் கண் பார்வையிலிருந்து விட்டது முதல் தப்பு. அதை என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது மணி பத்தே முக்கால். மேஜையைப் பார்த்தேன். ரைபிளின் கட்டையில் மூன்று பட்டை விபூதி. பூட்டு, போல்ட் எங்கும் சந்தனம். குறி பார்க்கிற சின்னத் துளை இருக்கிறதே, அதைக் குங்குமம் வைத்து அடைத்திருந்தார்கள், நெற்றிக்கண் என்று நினைத்தார்களோ என்னவோ. நிலக்கோட்டை மல்லிகை நாலு முழம் சுற்றியிருந்தது. ஜென்சியின் அம்மா மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தன் பங்குக்குத் தெளித்திருந்தார். குழல் வழியாக நல்லெண்ணெய் வழிந்து மேஜை விரிப்பு நனைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழலின் நுனியில், சூலத்தில் குத்துவதுபோல, ஒரு முழு எலுமிச்சம்பழம்.

“யாரு பாத்த வேலை இது?” என்று கத்தினேன். மைக்கில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

செயலாளர் பெருமையாக முன்னால் வந்தார். “நான்தான்ப்பா. கண்ணு பட்டுறக் கூடாதுல்ல.”

“இது துப்பாக்கியாண்ணே, இல்ல கோயில் மாடா? குழலுக்குள்ள எண்ணெய ஊத்தி, சாறு விட்டு, தோலை அடைச்சு வெச்சுருக்கீங்க. சுட்டா குழல் வீங்கும். பிளந்தாலும் பிளக்கும். கன்னத்தை ஒட்டி வெச்சுச் சுடுற பொண்ணுக்கு மொகம் என்னாகும்?”

“கார் வாங்குனா டயருக்கடியில வெக்கிறதில்லையா?”

“கார் வாயில வெப்பீங்களாண்ணே?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஜென்சியின் அம்மாவையும் நான் விடவில்லை. தண்ணீர் எந்தச் சாமியுடையதாக இருந்தாலும் இரும்புக்குத் துருதான் என்று சொன்னேன். அந்தம்மாள் பாட்டிலைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். பந்தலில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இன்னொரு தடவை சுத்தம் செய்தாக வேண்டும். என் பெட்டியை எடுக்கப் போனேன். பெட்டி சாமி படத்தின் முன்னால் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. செயலாளர் குறுக்கே கை நீட்டினார்.

“பூஜையில வெச்ச சாமான நாளைக்குத்தான்ப்பா எடுக்கணும்.”

“அப்ப துப்பாக்கி? அதுவும் பூஜையிலதான இருக்கு?”

“அது திறப்பு விழா. அது வேற.”

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. கடைசியில் குழல் துடைக்கிற கம்பியை மட்டும், கற்பூரம் காட்டி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார். துணித் துண்டுகள் இருந்த பெட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மணி பதினொன்று இருபது. நான் வேறு வழி தெரியாமல் கட்டியிருந்த வேட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். ஆறு துண்டு. கிழித்த துணி எப்படி இருக்கும்? ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்றில் பச்சைக் கரை.

பட்டாளத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஹவில்தார் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். துண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்து எண்ணுவார். துடைத்து முடிந்ததும் அழுக்குத் துண்டுகளை எண்ணுவார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றாக இருந்தால்தான் எழுந்திருப்பார். கடைசியாகக் குழலை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இந்த இரண்டையும் நான் அன்று வரை ஒரு நாளும் விட்டதில்லை.

எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினேன். உள்ளே வட்டமாக ஒரு தோல் வில்லை அடைத்திருந்தது, அதைத் தள்ளி எடுத்தேன். ஒரு விதைகூட வந்தது. முதல் துண்டில் நல்லெண்ணெய், இரண்டாவதில் எண்ணெயும் சாறும், மூன்றாவதில் மங்கல், அடுத்ததில் கொஞ்சம், ஐந்தாவது கிட்டத்தட்ட வெள்ளை. ஆறாவதைக் கம்பியில் கோத்துப் பாதி வழி தள்ளியிருப்பேன், மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். “நமது ஆர்மரர் அவர்களுக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தி கௌரவிப்பார். உடனே மேடைக்கு வரவும். நேரம் குறைவாக உள்ளது.”

கம்பியை அப்படியே பின்னால் இழுத்து எடுத்துவிட்டு மேடைக்குப் போனேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிழிந்த வேட்டியும் பளபளக்கிற பொன்னாடையுமாக நின்று படமும் எடுத்துக்கொண்டேன். இறங்கி வந்து ரைபிளை எடுத்து, சுடுகிற இடத்தில் மணல் மூட்டையின் மேல் வைத்தபோது மணி பன்னிரண்டாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

மில் முதலாளிதான் முதலில் சுடுவதாக ஏற்பாடு. அவர் மூச்சுப் பிடித்துக் குப்புறப் படுத்து, வலது தோளில் ரைபிளை வைத்து, வலது கையால், தோட்டாவை அடைக்கிற போல்ட்டின் கைப்பிடியைத் தேடினார். அங்கே எதுவும் இல்லை. தடவினார், மறுபடி தடவினார்.

“என்னப்பா இது, மாத்திச் செஞ்சுருக்கான்?”

“மச்சான், அது இடதுகைக்காரப் பொண்ணுக்குச் செஞ்சது. அப்படித்தான் இருக்கும்” என்றார் செயலாளர்.

“நான் சுடத்தானடா பன்னண்டு மணிக்குள்ளன்னு ஓடுறோம்!”

அவர் இடது தோளுக்கு மாற்றிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி மணலில் விழுந்தது. மணி பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிடம். கடைசியில் ரைபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நான் தொட்டுட்டேன். நீயே சுடும்மா. நேரம் ஓடுது” என்று எழுந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜென்சி வந்து படுத்தாள். இடது கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். ஆறு வருடம் கழித்து முதல் தடவையாக ஒரு துப்பாக்கி அவளுக்குப் பொருந்தியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. தோட்டாவைக் கையில் எடுத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், குழல் பாத்தாச்சா?”

“நான் தொட்ட துப்பாக்கிய யாரும் திருப்பிப் பாக்க வேண்டியதில்ல. சுடும்மா” என்றேன்.

அது பொய். நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து எல்லோரையும் திட்டித் தீர்த்தவன், ஐம்பது பேர் முன்னால், பொன்னாடையைப் போட்டுக்கொண்டு, ‘மறந்துட்டேன்’ என்று சொல்வதா? அவள் தோட்டாவைப் போட்டு போல்ட்டை அடைத்தாள். நான் ஒன்றும் செய்யத் தோன்றாமல் மேஜைப் பக்கம் திரும்பினேன். அழுக்குத் துண்டுகள் அங்கே கிடந்தன. கண் தானாக எண்ணியது. ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்து. காற்றில் பறந்திருக்கும் என்று மனது சொன்னது. காற்றே இல்லை, மல்லிகைச் சரம் அசையாமல் கிடந்தது. பச்சைக் கரைத் துண்டைக் காணோம். மில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “மூணு நிமிசம்தான்மா” என்றார். சொல்லவா வேண்டாமா என்று நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு இருக்கலாம். அந்த ஒரு மூச்சுக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அவள் விரல் விசைக்குப் போய்விட்டிருந்தால் அந்த இடது கண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

“நிறுத்து! சுடாத!” என்று கத்தினேன்.

அவள் விரலை எடுத்தாள். நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்கவில்லை. தோட்டாவை வெளியே எடுத்து, போல்ட்டை உருவி வைத்துவிட்டு, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே உள்ளே இருட்டு என்று தெரிந்தது. கம்பியை வாங்கித் தள்ளினாள். நுனியில் சுருண்டு வந்து விழுந்தது துண்டு. வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சை. சட்டென்று அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். செயலாளர் அவளுக்குப் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தார்.

“என்னா அது? என்னா இருந்துச்சு உள்ள?” என்று மில் முதலாளி கேட்டார். பந்தல் முழுக்க எழுந்து நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “எல்லாரும் என்னைய மன்னிக்கணும். காலையில நான் குத்துன எலுமிச்சம்பழத்தோட தோலுதான் உள்ள அடைச்சுருந்துச்சு. ஆர்மரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் அறிவில்லாம செஞ்சுட்டேன். இனிமே இந்த எடத்துக்குள்ள எலுமிச்சம்பழம் வராது.”

மில் முதலாளி தன் மைத்துனனை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. செயலாளர் தலை குனிந்து நின்றார். பாவம், மனுஷன் உண்மையிலேயே அப்படி நம்பிவிட்டார் என்று நினைத்தேன். வந்து விழுந்தது துணி என்று நான் சொல்லியிருக்கலாம். மைக் அவர் கையில் இருந்தது, வாய் என்னிடம்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. நாலு பேர் என் கையைக் குலுக்கி, “உங்க கண்ணுக்குத் தப்புமா சார்” என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ராகு காலம் வந்துவிட்டது. ஒன்றரை மணி வரை எல்லோரும் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்று முப்பத்தொன்றுக்கு ஜென்சி சுட்டாள். குறி இன்னும் சரிசெய்யாததால் குண்டு பக்கத்து அட்டையில் போய் விழுந்தது. யாருக்கும் தெரியவில்லை, பலமாகக் கை தட்டினார்கள். பதினாறாம் நாள் மாநிலப் போட்டியில் அவள் வெள்ளி வாங்கினாள்.

விழா முடிந்த அன்று வண்டி நிறுத்துகிற இடத்தில் ஜென்சி என் கையில் அந்தத் துண்டை வைத்தாள். “சார், இது உங்களுது” என்றாள். அடுத்த நாளிலிருந்து நான் அவள் துப்பாக்கியைத் துடைக்கும்போதெல்லாம் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஒண்ணு, ரெண்டு” என்று வாய்விட்டு எண்ணுவாள். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் வர நேரமானால் நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரமே செயலாளர் தன் செலவில் பலகை எழுதி மாட்டினார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வாசலில் நின்று, வருகிறவர்களின் பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்ப்பார். “நான் செஞ்ச தப்ப யாரும் செய்யக் கூடாது” என்பார். நான் தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏழு வருடம். நான் ஓய்வு பெற்ற அன்று அவர்தான் மாலை போட்டார்.

போன வாரம் நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். உங்களில் ஒருவர் எலுமிச்சம்பழ வாயுவைப் பற்றிக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை. அவர் மல்லிகைச் செடிகளுக்கு நடுவில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

“அண்ணே, அன்னைக்குக் குழலுக்குள்ள இருந்தது ஒங்க எலுமிச்சம்பழம் இல்ல. என் வேட்டித் துணி. நான்தான் உள்ள விட்டுட்டேன்.”

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. “தெரியும்ப்பா” என்றார்.

“தெரியுமா?”

“எலுமிச்சம்பழத்துக்கு ஏதுப்பா பச்சைக் கரை? நீ அம்புட்டு நேரமும் கிழிஞ்ச வேட்டியோடதான நின்ன?”

“அப்பறம் ஏண்ணே நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

“உன் பேரச் சொன்னா மச்சான் அன்னைக்கே உன்னைய வீட்டுக்கு அனுப்பிருப்பாரு. பதினாறு நாள்ல போட்டி. புதுத் துப்பாக்கி. அந்தப் பொண்ணுக்கு வேற யாரு இருக்கா? என்னைய என்ன செய்ய முடியும் அவரால? நான் அவரு பொண்டாட்டிகூடப் பொறந்தவன்.” மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். “எலுமிச்சம்பழம் குத்துனதும் தப்புதான? அதுவும் சேத்துக் கழிஞ்சுபோச்சு. செத்த நேரம் உக்காரு, காப்பி கொண்டாரச் சொல்றேன். ஆமா, நீ ஏன் இத்தன வருசமாச் சொல்லல?”

காப்பியைக் குடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பலகையைக் கழற்ற வேண்டாம், செயலாளருக்கு அது பிடித்திருக்கிறது. அதன் கீழே நேற்று நான் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். பச்சைக் கரை போட்ட ஒரு சின்னத் துணி அதில் தொங்கும், இரண்டு விரல் அகலம்தான். யாருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். துண்டுகளை எண்ணி உள்ளே விடுங்கள், எண்ணி வெளியே எடுங்கள். எடுத்த பிறகும் குழலைப் பாருங்கள். ஒன்று குறைந்தால் உடனே உரக்கச் சொல்லிவிடுங்கள். நீங்கள் தயங்குகிற நேரத்தில் யாராவது ஒரு நல்ல மனுஷர் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்.